லண்டன்காரர்கள் பாடிய பஞ்சப்பாட்டு

1984 கடைசியில் பிரிட்டன், அயர்லாந்து பாப் பாடகர்கள் முப்பத்துச் சொச்சம் பேர் கூடி நின்று, பசியில் கிடந்த எத்தியோப்பிய மக்களைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்கள். "டூ தே நோ இட்ஸ் கிறிஸ்துமஸ்?" என்பது பாட்டின் பெயர், கூட்டத்தின் பெயர் பேண்ட் எய்ட். இது கிறிஸ்துமஸ் நேரம் என்று, பாவம், அவர்களுக்குத் தெரியுமா?

தெரியும். ரொம்பக் காலமாகவே தெரியும். அக்சூம் அரசன் எசானா கிறிஸ்தவத்தைத் தழுவியது கி.பி. 4ஆம் நூற்றாண்டில். ஆங்கிலேயர்களை மதம் மாற்றச் சொல்லிப் போப்பாண்டவர் அனுப்பிய அகஸ்டின், கென்ட் கரையில் வந்து இறங்கியதோ 597இல். லண்டன் பாடகர்களின் முப்பாட்டன்மார் வோடன் சாமிக்குப் படையல் போட்டுக்கொண்டிருந்த நாளிலேயே எத்தியோப்பியாவில் தேவாலய மணி அடித்தாயிற்று. தொலைக்காட்சியில் உலகமே பார்த்த கொரெம் பஞ்ச முகாமிலிருந்து அதிக தூரம் போகவேண்டாம், லாலிபெலா வந்துவிடும். அங்கே பாறையைக் குடைந்து செய்த 11 தேவாலயங்கள் நிற்கின்றன. கிறிஸ்துமஸ் என்றால் வெள்ளைத் துணி போர்த்திய யாத்ரீகர்கள் மலைப்பாதையெல்லாம் நடந்து ஆயிரக்கணக்கில் அங்கே வந்து சேருவார்கள்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை கிறிஸ்துமஸ் கொண்டாடுவது ஜனவரி 7ஆம் தேதி. ஆகவே டிசம்பர் 25 காலையில் யாராவது மைக்கை நீட்டி, "இன்று கிறிஸ்துமஸ், தெரியுமா?" என்று கேட்டிருந்தால், "இல்லையே ஐயா, இன்னும் 13 நாள் இருக்கிறதே" என்று திருத்தி அனுப்பியிருப்பார்கள்.

சமயம் போகட்டும், பூகோளத்துக்கு வருவோம். பாட்டின்படி அந்த மண்ணில் மழை கிடையாது, ஆறு கிடையாது, ஒரு புல்பூண்டு முளைக்காது. எகிப்துக்குப் போய்ச் சேரும் நைல் தண்ணீரில் ஏறத்தாழ 85 சதவீதம் எத்தியோப்பிய மலைகளில் பெய்த மழை. நீல நைல் தொடங்குவதே அங்குள்ள டானா ஏரியில்தான். அந்த ஆண்டு ஆப்பிரிக்காவில் கிறிஸ்துமஸுக்குப் பனி விழாது என்று வேறு பாட்டு உருகுகிறது. ஒரு கண்டத்தை மொத்தமாகக் கணக்கில் சேர்த்துவிட்டபின் கிளிமஞ்சாரோ உச்சியில் கிடக்கும் பனிக்கட்டியை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? எத்தியோப்பியாவிலேயே 4,500 மீட்டரைத் தாண்டிய ராஸ் டாஷென் சிகரத்தில் எப்போதாவது பனி விழுவதுண்டு. பள்ளிக்கூட அட்லஸ் ஒன்றைப் புரட்டியிருந்தால் முடிந்திருக்கும் வேலை. ஆனால் பாட்டெழுதியவருக்கு அட்லஸ் புரட்ட நேரமில்லை. ஏன் இல்லை என்பதுதான் கதை.

1984 அக்டோபர் 23. பிபிசி செய்தியில் மைக்கேல் பர்க், கொரெம் முகாமிலிருந்து ஓர் அறிக்கை தருகிறார். படம்பிடித்தவர் நைரோபியைச் சேர்ந்த முகமது அமீன். விடியற்காலைக் குளிரில், சாம்பல் நிறப் போர்வைகளுக்குள் சுருண்டு கிடக்கும் மனிதர்கள். அவர்களில் யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் இல்லை என்று கேமராவுக்கே தெரியாது. அந்தச் சில நிமிடங்களைப் பற்றிக் கேலி பேச யாருக்கும் வாய் வராது, எனக்கும் வரவில்லை. அன்று அதைப் பார்த்தவர்களில் ஒருவர் பாப் கெல்டாஃப்.

அயர்லாந்துக்காரர். பூம்டவுன் ராட்ஸ் குழுவின் பாடகர். அன்றைய தேதிக்கு அந்தக் குழுவின் மார்க்கெட் படுத்துக்கிடந்தது. புதுப்பாட்டு போட்டால் வாங்க ஆளில்லை. வாய் மட்டும் படுக்கவில்லை. தலைவாராத தலை, பாதி உறங்கி எழுந்த முகம், எதிரில் இருப்பவர் பிரதமரானாலும் சரி, பாடகரானாலும் சரி, கூச்சமில்லாமல் கத்துகிற தொண்டை. பின்னாளில் எலிசபெத் அரசி கௌரவ நைட் பட்டம் கொடுத்தார். அயர்லாந்துக் குடிமகன் என்பதால் பெயருக்கு முன் "சர்" போடக்கூடாது என்பது விதி. எல்லோரும் போடுகிறார்கள். அவர்களை யார் போய்த் திருத்துவது?

அவருடைய துணைவி பாலா யேட்ஸ் அப்போது நியூகாசிலில் "தி டியூப்" என்ற தொலைக்காட்சி இசை நிகழ்ச்சியின் தொகுப்பாளர். கெல்டாஃப் அவருக்குப் போன் போடுகிறார். நிகழ்ச்சிக்கு வந்திருந்த அல்ட்ராவாக்ஸ் குழுவின் மிட்ஜ் யூர் பக்கத்தில் இருக்கிறார். ரிசீவர் கைமாறுகிறது. "ஏதாவது செய்யணும்" என்பது பேச்சின் சாரம். கையில் பணமில்லை, பாட்டுத் தெரியும், ஆகவே பாட்டு. கெல்டாஃப் தன் குழுவே வேண்டாமென்று தள்ளிவிட்ட ஒரு பழைய பாட்டின் துண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். யூர் அதைத் தன் வீட்டு ஸ்டுடியோவில் தட்டிக்கொட்டி மெட்டாக்கினார். பிறர் ஒதுக்கியதை எடுத்து ஏழைக்குக் கொடுப்பது என்ற வழக்கம் முதல் வரியிலேயே ஆரம்பித்துவிட்டது என்று யாராவது சொன்னால் அது குறும்பு. ஆனால் உண்மை.

நவம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை. லண்டன் நாட்டிங் ஹில்லில் இருக்கும் சார்ம் வெஸ்ட் ஸ்டுடியோவை அதன் சொந்தக்காரர் டிரெவர் ஹார்ன் 24 மணி நேரத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். அதற்குள் பதிவு செய்து, கலந்து, கையில் நாடாவோடு வெளியேற வேண்டும். காலையில் வாசலில் பத்திரிகைக்காரர்கள் காத்திருக்க, கெல்டாஃபுக்கு அடிவயிற்றில் கலக்கம். போனில் எல்லோரும் வருகிறேன் என்றுதான் சொன்னார்கள். பாடகர்கள் வருகிறேன் என்று சொல்வதற்கு என்ன மதிப்பு என்று பாடகரான அவருக்குத் தெரியாதா?

வந்தார்கள். ஸ்டிங், ஃபில் காலின்ஸ், ஜார்ஜ் மைக்கேல், பால் யங், போனோ, டுரான் டுரான், ஸ்பாண்டோ பாலே. கடைசி இரண்டு குழுவும் முந்தின நாள் வரை ஜெர்மனியில். இரவுக் கொண்டாட்டத்தின் மிச்சம் முகத்தில் தெரிய வந்து இறங்கினார்கள். ஸ்பாண்டோ பாலேயின் டோனி ஹாட்லியை முதலில் மைக் முன்னால் தள்ளினார்கள். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார யாரும் முன்வராதபோது யாராவது ஒரு சித்தப்பாவைத் தோளைப் பிடித்து உட்காரவைப்பார்களே, அதுபோல. தன் பரம்பரைப் போட்டியாளர்கள் அத்தனைபேரும் கைகட்டி நின்று பார்க்க, தலைவலியோடு அவர் பாடினார்.

பாய் ஜார்ஜை மட்டும் காணோம். நியூயார்க் ஓட்டலில் தூங்கிக்கொண்டிருந்தார். கெல்டாஃப் போனில் எழுப்பி, அவருக்கே உரிய தமிழில் இரண்டு வார்த்தை சொல்ல, மனிதர் கான்கார்ட் விமானம் பிடித்து மாலைக்குள் ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார். பசித்தவர்களுக்காக இரண்டு வரி பாட, ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானம். அந்த டிக்கெட் விலைக்கு எத்தனை மூட்டை கோதுமை வரும் என்று கணக்குப் போடும் ஆட்கள் அன்றே இருந்தார்கள். அந்த ஆட்களும், பாய் ஜார்ஜ் பெயருக்காகத்தான் பாதிப் பேர் இசைத்தட்டு வாங்கினார்கள் என்று பதில் கொடுத்த ஆட்களும் இன்றைக்கும் அதே இடத்தில்தான் நின்று சண்டை போடுகிறார்கள்.

பாட்டில் ஒரு வரி. நல்லவேளை, இந்தத் துன்பம் உனக்கு வராமல் அவர்களுக்கு வந்ததே என்று ஆண்டவனுக்கு நன்றி சொல்லச் சொல்கிற வரி. போனோவிடம் அதைக் கொடுத்தபோது அவரே தயங்கினார். கெல்டாஃப் விடவில்லை. அது குத்திக்காட்டுவதற்காக எழுதியது, நம் உள்மனது நினைப்பதைத்தான் சொல்கிறது என்பது ஆதரவாளர்கள் தரும் உரை. உரை இருந்தால்தான் புரியும் வரியைப் பாப் பாட்டில் வைப்பானேன்? பரிமேலழகர் வந்தாலும் காப்பாற்றச் சிரமப்படும் வரி அது.

டிசம்பர் முதல் வாரம் தட்டு கடைக்கு வந்தது. கெல்டாஃப் எதிர்பார்த்த வசூல் எழுபதாயிரம் பவுண்டு. வந்தது, ஓராண்டுக்குள் 80 லட்சம் பவுண்டு. ஐந்து வாரம் முதலிடம். பிரிட்டனில் மட்டும் 30 லட்சம் தட்டுக்கு மேல் விற்று, அதுவரை அந்நாட்டில் அதிகம் விற்ற சிங்கிள் என்ற பெயரை எடுத்தது. 1997இல் எல்டன் ஜான் இளவரசி டயானாவுக்காகப் பாடும்வரை அந்தப் பெயர் போகவில்லை. முதலிடத்தில் நின்ற பாட்டில் ஜார்ஜ் மைக்கேல் குரல் உண்டு. இரண்டாமிடத்தில் தேங்கி நின்ற "லாஸ்ட் கிறிஸ்துமஸ்" அவரே எழுதியது. தன்னைத் தானே தோற்கடித்த மனிதர், அந்த இரண்டாமிடப் பாட்டின் ராயல்டியையும் எத்தியோப்பியாவுக்கே கொடுத்துவிட்டார். அந்தக் கூட்டத்தில் சத்தமில்லாமல் நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான் போலிருக்கிறது.

ஊரெல்லாம் கொடுத்தது. ஸ்டுடியோ இலவசம், பாடியது இலவசம், உறைக்குப் படம்போட்ட பீட்டர் பிளேக் இலவசம். வரித்துறை மட்டும் கணக்குப் புத்தகத்தோடு வந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் 15 சதவீதம் மதிப்புக் கூட்டு வரி. மார்கரெட் தாட்சர் அரசு முதலில் கறாராக நின்றது: தர்மமோ கர்மமோ, வரி வரிதான். கெல்டாஃப் நாடு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். கடைசியில் வசூலித்த வரிக்கு ஈடான தொகையை அரசே நன்கொடையாகத் திருப்பித் தந்தது. அதற்குள் அவர் ஒரு விருது விழாவில் தாட்சரையே நேருக்கு நேர் மடக்கி, ஐரோப்பியப் பொதுச் சந்தைக் கிடங்குகளில் மலையாகக் குவிந்து கிடக்கும் வெண்ணெயை ஏன் அனுப்பக்கூடாது என்று கேட்டுவிட்டிருந்தார். அது அவ்வளவு எளிதில்லை என்று அம்மையார் விளக்கப் பார்த்தார். இந்த ஆளுக்கு விளக்கம் பிடிக்காது என்று யாரும் அவரிடம் சொல்லிவைக்கவில்லை போலும்.

தர்மப் பாட்டுக்கும் வரித்துறைக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. 1971 ஆகஸ்ட் 1. ரவிசங்கர் கேட்டுக்கொண்டதன்பேரில், புயலிலும் போரிலும் சிதைந்த வங்காள மக்களுக்காக ஜார்ஜ் ஹாரிசன் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கச்சேரி வைத்தார். ரவிசங்கரும் அலி அக்பர் கானும் சுருதி சேர்த்து முடித்ததும் கூட்டம் கைதட்டி ஆரவாரித்தது. சுருதி சேர்த்ததையே இவ்வளவு ரசித்தீர்களென்றால் கச்சேரியை இன்னும் ரசிப்பீர்கள் என்று நம்புகிறேன் என்கிற பொருளில் ரவிசங்கர் சொன்னது, இசை மேடைகளில் விழுந்த மிக மரியாதையான குட்டுகளில் ஒன்று. கச்சேரி வருமானம் சுமார் 2,43,000 டாலர் சீக்கிரமே யூனிசெஃபுக்குப் போனது. பெரிய பணம் வந்தது இசைத்தட்டில். ஆனால் வரிவிலக்குக்கு முன்கூட்டி ஏற்பாடு செய்யத் தவறிவிட்டார்கள். அமெரிக்க வருமான வரித்துறை பிடித்துக்கொண்டது. கோடிக்கணக்கான பணம் வருடக்கணக்கில் முடங்கியது. இதற்கிடையில் வங்கதேசம் என்ற நாடு பிறந்தது, தவழ்ந்தது, நடந்தது, பணம் மட்டும் வந்து சேரவில்லை. பிற்பாடு கெல்டாஃபுக்கு ஹாரிசன் சொல்வதற்கு ஒரு புத்தி இருந்திருக்குமானால் அது நல்ல கணக்காளரைப் பிடி என்பதாகத்தான் இருந்திருக்கும்.

இனி வசவுக் காண்டம்.

முதல் கல்லை வீசியவர்களில் பெரியவர் ஸ்மித்ஸ் குழுவின் மாரிஸ்ஸி. எத்தியோப்பிய மக்கள்மேல் எவ்வளவு அக்கறை வேண்டுமானாலும் இருக்கலாம், அதற்காக இங்கிலாந்து மக்களைத் தினமும் சித்திரவதை செய்யவேண்டுமா என்ற ரீதியில் 1985இல் ஒரு பேட்டியில் போட்டுத் தாக்கினார். இத்தனை திறமைசாலிகள் கூடி இவ்வளவு மோசமான தட்டா என்பது அவர் வருத்தம். ஊரே உண்டியல் குலுக்கும்போது பாட்டு நன்றாயில்லை என்று சொல்ல ஒரு தனித் தைரியம் வேண்டும். மாரிஸ்ஸிக்கு அந்தத் தைரியம் ஆயுள் முழுவதும் குறைந்ததில்லை.

லீட்ஸ் நகரத்து அராஜகவாதிகளான சம்பவாம்பா இன்னும் கடுமை. 1986இல் அவர்கள் போட்ட முதல் ஆல்பத்தின் தலைப்பே பட்டினிக் குழந்தைகளின் படம் தட்டு விற்க உதவும் என்று அறைந்தது. பஞ்சத்துக்குக் காரணம் மழையல்ல, பணக்கார நாடுகளும் கம்பெனிகளும். அந்தக் கம்பெனிகளின் பாடகர்களே கண்ணீர் விடுகிறார்கள் என்பது வாதம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. 1989இல் இ.எம்.ஐ. இசைக் கம்பெனியைக் கெட்ட வார்த்தையில் திட்டுவதற்கென்றே வந்த ஒரு தொகுப்பில் இதே குழு பாடியது. 1997இல் இதே குழு இதே இ.எம்.ஐ.யோடு ஒப்பந்தம் போட்டு, உலகமெல்லாம் ஆடிய ஒரு பாட்டைக் கொடுத்தது. வாழ்க்கை என்றால் அப்படித்தான்.

ஆதரவாளர்களின் பதில் ஒன்றேதான், நாற்பது ஆண்டாக மாறவில்லை: தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே. மிட்ஜ் யூரே இது இசை பற்றிய விஷயமல்ல, பணம் திரட்டும் விஷயம் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். கெல்டாஃப் ஒருபடி மேலே போய், சரித்திரத்தின் மிக மோசமான இரண்டு பாட்டுக்கும் நான்தான் பொறுப்பு என்று 2010இல் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஒன்று இது. இன்னொன்று அமெரிக்காவில் நடந்தது.

அதன் பெயர் "வி ஆர் தி வேர்ல்டு". 1985 ஜனவரி 28 இரவு. அமெரிக்க இசை விருது விழா முடிந்த கையோடு, பட்டுச் சட்டையும் பளபளப்புமாக நாற்பதுக்கு மேற்பட்ட நட்சத்திரங்கள் ஹாலிவுட் ஏ அண்ட் எம் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். தீ மூட்டியவர் ஹாரி பெலஃபான்டே, எழுதியவர்கள் மைக்கேல் ஜாக்சனும் லயனல் ரிச்சியும், மேய்த்தவர் குயின்ஸி ஜோன்ஸ். அகந்தையை வாசலிலேயே விட்டுவிட்டு வரவும் என்று ஜோன்ஸ் எழுதி ஒட்டிவைத்திருந்தார். செருப்பை விடலாம், அதை எப்படி விடுவது என்று ஒவ்வொருவரும் யோசித்திருக்க வேண்டும்.

விடிய விடிய நடந்தது. பாதி ராத்திரியில் ஸ்டீவி வொண்டருக்கு ஓர் உதயம்: நடுவில் சுவாஹிலி மொழியில் ஒரு வரி வைத்தால் என்ன? விவாதம் கிளம்பியது. நாட்டுப்புற இசைக்காரர் வேலன் ஜென்னிங்ஸ் இது நமக்கு ஆகாது என்று நடையைக் கட்டினார். கடைசியில் ஒருவழியாகத் தெளிவு பிறந்தது: எத்தியோப்பியாவில் சுவாஹிலி பேசுவதில்லை. அங்கே அம்ஹாரிக் உண்டு, ஒரோமோ உண்டு, திக்ரினியா உண்டு, சுவாஹிலி கிடையாது. பசித்தவனுக்கு ஆறுதல் சொல்ல, அவனுக்குப் புரியாத இரண்டாவது மொழியைத் தேடியிருக்கிறார்கள். முதலாவது ஆங்கிலம்.

சிண்டி லாப்பர் பாடும்போதெல்லாம் ஏதோ கலகலவென்று சத்தம். ஒலிப்பதிவாளர்கள் ஒயரையும் மைக்கையும் தேடித் தேடிப் பார்த்தால், சத்தம் வந்தது அம்மணி கழுத்து மாலைகளிலிருந்து. எல்லாவற்றையும் கழற்றியபின்தான் பதிவு நகர்ந்தது. பாப் டிலன் கதை இன்னும் அழகு. தன் வரியை எப்படிப் பாடுவது என்றே தெரியாமல் அந்த மகாகவி விழித்துக்கொண்டு நிற்க, ஸ்டீவி வொண்டர் பியானோவில் உட்கார்ந்து பாப் டிலன் குரலில் பாடிக்காட்டி, பாப் டிலனுக்குப் பாப் டிலனாகப் பாடக் கற்றுக்கொடுத்தார். பிரின்ஸ் கடைசிவரை வரவேயில்லை. அவருக்கு வைத்திருந்த வரி ஹூயி லூயிஸுக்குப் போனது.

தட்டு உலகெங்கும் 2 கோடிக்கு மேல் விற்றது. 6 கோடி டாலருக்கு மேல் திரண்டது. அடுத்த ஆண்டு கிராமி விருதுகளையும் அள்ளியது. விமர்சகர் கிரீல் மார்கஸ் மட்டும் மூக்கைச் சுளித்தார். ஜாக்சனும் ரிச்சியும் பெப்சியோடு விளம்பர ஒப்பந்தத்தில் இருந்தவர்கள். பாட்டைக் கேட்டால் பெப்சி விளம்பரம் காதில் விழுகிறது என்றார். பாட்டின் பெயரையும் கவனியுங்கள். நாங்கள்தான் உலகம் என்கிறார்கள். சோறு யாருக்குப் போகிறது என்பதற்குப் பெயரில் இடம் ஒதுக்கவில்லை.

இதே சமயத்தில் வேறொரு பாட்டும் வந்தது. யாருக்கும் நினைவில்லை. கேமரூனின் மனு திபாங்கோ முன்னின்று, சாலிஃப் கெய்ட்டா, யூசு என்தூர், மோரி கான்டே, கிங் சன்னி அடே என்று ஆப்பிரிக்க இசையின் பெருந்தலைகளைக் கூட்டி எத்தியோப்பியாவுக்காகவே போட்டார். தன் வீட்டுத் துக்கத்துக்குத் தானே பாடிய பாட்டு. ஒரு தட்டின் பின்பக்கத்தில் அதற்கு இடம் கிடைத்தது. பஞ்ச நிதிக்காக அதே ஆண்டு ஜூலை 13 அன்று நடந்த லைவ் எய்ட் கச்சேரியின் வெம்பிளி மேடையிலும் ஆப்பிரிக்கக் குழுக்களுக்குக் கிட்டத்தட்ட இடமே இல்லை. பணம் தரும் நேயருக்குத் தெரிந்த முகம் வேண்டும் என்றார்கள். அதுவும் பொய்யில்லை என்பதுதான் எரிச்சல். அந்த ஒரு நாள் கச்சேரி 10 கோடி டாலருக்கு மேல் கொண்டுவந்தது.

பாட்டில் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். இங்கே கேலியைக் கொஞ்சம் இறக்கிவைக்க வேண்டும். அந்தப் பஞ்சத்துக்கு வறட்சி மட்டும் காரணமல்ல. வடக்கே திக்ராயிலும் எரித்திரியாவிலும் போர். மெங்கிஸ்டு ஹைலே மரியத்தின் ராணுவ அரசுக்குக் கிளர்ச்சிக்காரர் பகுதி பட்டினி கிடந்தால் கவலையில்லை, ஒருவகையில் வசதி. 1984 செப்டம்பரில், கொரெமில் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது, புரட்சியின் பத்தாம் ஆண்டு விழாவுக்காகத் தலைநகர் அடிஸ் அபாபாவில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு வடக்கு மக்களை லட்சக்கணக்கில் லாரியிலும் விமானத்திலும் ஏற்றித் தெற்கே குடியமர்த்தினார்கள். பலர் வழியிலேயே மாண்டார்கள். இதை வெளிப்படையாகக் கண்டித்த எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவை 1985 டிசம்பரில் நாட்டைவிட்டே துரத்தினார்கள். 1986இல் அமெரிக்காவின் "ஸ்பின்" பத்திரிகை இதையெல்லாம் எடுத்துப்போட்டு, நீங்கள் திரட்டிய உதவி இந்த அரசுக்கும் தோள் கொடுத்தது என்று கெல்டாஃபைக் குற்றஞ்சாட்டியது. உதவி உரியவரிடம் போய்ச் சேருமென்றால் பிசாசோடும் கைகுலுக்குவேன் என்பது அவர் நிலை.

இதில் நான் மருத்துவர்கள் பக்கம். அவர்கள் முகாமில் நின்று பார்த்துச் சொன்னார்கள், வாய்மூடி இருக்கச் சொன்னதற்கு மறுத்தார்கள், விலையும் கொடுத்தார்கள். ஆனால் கெல்டாஃப் சும்மா உட்கார்ந்திருந்தார் என்றும் சொல்லமுடியாது. துறைமுகத்தில் குவிந்த தானியம் மலைக்கு ஏறவில்லை, லாரிக்காரர்கள் கூட்டுச் சேர்ந்து வாடகையை ஏற்றுகிறார்கள் என்று கண்டதும் பேண்ட் எய்ட் சொந்தமாகவே லாரிகளை வாங்கி ஓட்டியது. மார்க்கெட் போன பாப் பாடகர் ஒருவர் டயர், டீசல், உதிரிபாகம் என்று பேசக் கற்றுக்கொண்ட காட்சியைப் பாட்டைவிட நான் ரசிக்கிறேன். 2010இல் பிபிசி உலக சேவை, உதவிப் பணத்தில் பெரும்பகுதியைக் கிளர்ச்சிக்காரர்கள் ஆயுதம் வாங்கத் திருப்பிவிட்டதாக ஒரு செய்தி வெளியிட்டது. அது பேண்ட் எய்ட் பணம் என்று எண்ணும்படி செய்தி அமைந்துவிட்டது, அதற்கு ஆதாரமில்லை என்று அதே ஆண்டு நவம்பரில் பிபிசி மன்னிப்புக் கேட்டது. அந்த நவம்பரில் கெல்டாஃப் எவ்வளவு கத்தியிருப்பார் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்.

ஒருமுறை பாடியதோடு விட்டிருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். அவசரத்தில் எழுதினார்கள், உயிர் போகும் நேரம், இலக்கணம் பார்க்கமுடியுமா என்று நாமும் பெருந்தன்மையாகப் போயிருப்போம். விடவில்லை. 1989இல் ஒருமுறை, 2004இல் ஒருமுறை, 2014இல் ஒருமுறை என்று அதே பாட்டைப் புதுப்புதுத் தலைமுறையை வைத்து மறுபடி மறுபடி பாடினார்கள். அவசரம் என்ற சாக்கு முதல் முறைக்குச் செல்லும். முப்பதாவது வருடமும் அவசரம் என்றால் எப்படி?

2014 காரணம் மேற்கு ஆப்பிரிக்காவில் பரவிய எபோலா. இம்முறை வரிகளைக் கொஞ்சம் மாற்றினார்கள். போனோ வரியை ஒருவழியாக எடுத்தார்கள். வேறோரிடத்தில், கண்ணீரிலும் சாவு, முத்தமிட்டாலும் சாவு என்று வைத்தார்கள். கானாவைப் பூர்வீகமாகக் கொண்ட பிரிட்டிஷ் பாடகர் ஃப்யூஸ் ஓடிஜியைக் கெல்டாஃப் கூப்பிட்டார். வரிகளைப் பார்த்துவிட்டு அவர் வரமாட்டேன் என்றார். தான் ஊர் ஊராகப் போய் இது வாழ்கிற கண்டம், வந்து பாருங்கள் என்று பாடிக்கொண்டிருக்க, இந்தப் பாட்டு அதைப் பிணவறையாகக் காட்டுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். பாடிய எமெலி சான்டேயே, தான் செய்த திருத்தங்கள் கடைசியில் இடம்பெறவில்லை என்று பிறகு வருத்தப்பட்டார். நோய் தாக்கிய நாடுகளில் ஒன்றான லைபீரியாவில் பெரும்பான்மையோர் கிறிஸ்தவர்கள் என்பதையும், ஆகவே பாட்டின் தலைப்புக் கேள்விக்கு அங்கேயும் அதே பதில்தான் என்பதையும் பாட்டைத் திருத்தியவர்கள் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அதே ஆண்டு, அதே நோய்க்கு, இன்னொரு பாட்டு வந்தது. "ஆப்பிரிக்கா ஸ்டாப் எபோலா". சாலிஃப் கெய்ட்டா, மோரி கான்டே, டிக்கன் ஜா ஃபகோலி, ஊமு சங்காரே, அமடூ-மரியம் எல்லோரும் சேர்ந்து பிரெஞ்சிலும் அந்தந்த ஊர் மொழிகளிலும் பாடினார்கள். அதில் என்ன இருந்தது? கையைக் கழுவு. நோயாளியைத் தொடாதே. டாக்டரை நம்பு. எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் ரேடியோவில் போய்ச் சேரவேண்டிய சேதி, ஆடும் மெட்டில். வந்த பணம் எல்லைகளற்ற மருத்துவர்களுக்கு. லண்டன் பாட்டு எபோலா வந்தவர்களைப் பற்றிப் பேசியது. இந்தப் பாட்டு அவர்களிடம் பேசியது. எது நல்ல பாட்டு என்று என்னைக் கேட்டால் யோசிக்கவே மாட்டேன். எது அதிகம் விற்றது என்று கேட்டால் அதற்கும் யோசிக்கத் தேவையில்லை.

இந்த விவகாரத்தில் வந்த தலைசிறந்த விமர்சனத்தை எழுதியவர்கள் கட்டுரையாளர்கள் அல்லர், நார்வே மாணவர்கள். 2012இல் அவர்களுடைய உதவி அமைப்பான சைஹ், "ரேடி-எய்ட்" என்று ஒரு வீடியோ வெளியிட்டது. அதில் தென்னாப்பிரிக்க இளைஞர்கள் உருக்கமாகக் கூடிப் பாடுகிறார்கள்: நார்வேயில் குழந்தைகள் குளிரில் நடுங்குகிறார்கள், பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா? ஆளுக்கொரு ரேடியேட்டர் கொடுங்கள்! கப்பலேற்ற வெயில் தேசத்து மக்கள் ஹீட்டர்களைச் சுமந்துகொண்டு வருகிறார்கள். அந்த வீடியோவுக்குப் பிறகு பழைய பாட்டைச் சிரிக்காமல் கேட்பது கஷ்டம். அதே அமைப்பு மோசமான உதவி விளம்பரங்களுக்குத் துருப்பிடித்த ரேடியேட்டர் விருதும் கொடுக்கத் தொடங்கியது. 2017இல் அது பாடகர் எட் ஷீரன் லைபீரியாவில் தோன்றிய ஓர் உதவி விளம்பரப் படத்துக்குக் கிடைத்தது.

அந்த எட் ஷீரன் 2014 பதிப்பில் பாடியவர். 2024இல் நாற்பதாம் ஆண்டு என்று பழைய குரல்களையெல்லாம் டிரெவர் ஹார்னை வைத்து ஒன்றாகக் கலந்து புதுத் தட்டு போட்டபோது, என்னைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் மறுத்திருப்பேன் என்று பகிரங்கமாகச் சொன்னார். ஃப்யூஸ் ஓடிஜி எழுதியதையும் எடுத்துப்போட்டார். கெல்டாஃப் அசரவில்லை. இந்தச் சின்னப் பாட்டு லட்சக்கணக்கானோரை உயிரோடு வைத்திருக்கிறது என்றார். இருவர் சொன்னதும் சரி. ஒருவர் பாட்டைப் பற்றிச் சொன்னார், மற்றவர் பணத்தைப் பற்றி. நாற்பது வருடமாகக் காதில் விழாததுபோல் இரண்டு தரப்பும் கத்திக்கொண்டிருப்பது இதற்குத்தான்.

என் தீர்ப்பு இது. 1984 பாட்டை மன்னிக்கலாம். அது பத்துப் பதினைந்து நாளில் பதறி எழுதியது, லாரி வாங்கியது, தானியம் ஏற்றியது. அதற்குப்பின் வந்த பதிப்புகளை மன்னிக்க எனக்கு மனமில்லை. பணம் திரட்டுவது கடினம், அதைச் செய்தார்கள். பாட்டு வரியைத் திருத்துவது காசில்லாத வேலை, அதைத்தான் ஒழுங்காகச் செய்யவில்லை.

பாட்டின் ராயல்டி இன்றும் பேண்ட் எய்ட் அறக்கட்டளைக்கே போகிறது, அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்கு. ஆகவே டிசம்பரில் ஏதாவது ஷாப்பிங் மாலிலோ எஃப்எம்மிலோ அது தலைகாட்டினால் நிறுத்திவிடாதீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிவரை ஓடவிடுங்கள். திட்டுவதற்குப் பாட்டு முடிந்தபிறகு நிறைய நேரம் இருக்கிறது.